குடல் நோயும் இரத்தக் குறைவும்



மலை ஏறும்போது மூச்சு வாங்குது, தலை சுத்துது என்றால் "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம். வாரக்கணக்கில் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம் என்றால் குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் காட்டுவோம்.

அழற்சி கண்ட குடலில் இரத்தம் கசியும். சாப்பிட்ட இரும்புச்சத்தும் சரியாகச் சேராது. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் விட்டமின் பி12 குறைந்து கைகால் விறைக்கலாம்.

100 மில்லிலீட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை.

இரும்புக் குளிசை வயிற்றுக்கு ஒத்துவராவிட்டால் நாமே நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால், தேவைப்பட்டால் ஊசி மூலம் ஏற்றுவார்கள்.

குளிசையோடு சாயத்தண்ணி வேண்டாம். இரும்பைச் சேர விடாது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிப்போம்.