வாய்க்கால் வளர்த்த வீரர்கள்

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் மௌயி என்பதும் ஒன்று. அத்தீவில் முன்னாளில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அங்கே பூனேனே என்னும் ஊர்ப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வந்தார் சோயிச்சி சகமோட்டோ என்பார். அவர் பெயர் பெற்ற நீச்சல் வீரர் அல்லர்.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் கரும்புக்கு நீர் பாயும் வாய்க்காலில் குதித்து விளையாடுவர். காவலர் அவர்களை விரட்டுவர். இதனைக் கண்டு இரங்கிய ஆசிரியர், பிள்ளைகளைத் தாமே மேற்பார்ப்பதாகக் கூறித் தோட்டத்தாரிடம் இசைவு பெற்றார். பள்ளி முடிந்தபின், ஊதியம் கருதாது அவர்களுக்கு நீச்சல் பழக்கினார். ஓடும் நீரை எதிர்த்து நீந்தச் செய்தார். தாம் கரையோரமாக உடன் நடந்து, அவர்கள் கை வீசுவதையும் கால் உதைப்பதையும் உற்று நோக்கித் திருத்தினார். எதனையும் ஆராய்ந்து பார்க்கும் அறிவியற் பழக்கம் அவருக்குத் துணை நின்றது.

1937-ஆம் ஆண்டில் அவர் 'மூன்றாண்டு நீச்சற் கழகம்' ஒன்றை அமைத்தார். 1940-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயமே அதன் குறிக்கோள். 1939-இல் அக்கழகத்தார் அமெரிக்க நாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றனர். ஆயினும், உலகப் போர் மூண்டமையால் 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. பல்லாண்டு உழைத்த இளைஞர் பலருக்கு வாய்ப்பே கிட்டாமற் போயிற்று. ஆசிரியரோ மனந்தளர்ந்தாரல்லர். 1948-இல் இலண்டன் மாநகரில் அவர் மாணவர் பில் ஸ்மித் இரண்டு பொற்பதக்கங்கள் வென்றார்.

வாய்க்காற் கரையில் நடந்த ஆசிரியரின் அன்பும் உழைப்பும் அவ்வெற்றியில் விளங்கின.