சொல் வழியே கூடிக் கற்றல்

கூடிக் கற்கும் வகுப்புகளில் நாம் அடிக்கடி காணும் குறை ஒன்றுண்டு. ஆசிரியர் வினவுவார், நன்கு படித்த ஒருவர் விடை கூறுவார், ஏனையோர் தலையசைப்பர். பேசாதவர் பேசாதவராகவே வீடு திரும்புவர். இக்குறையை நீக்க எளிய வழி ஒன்று உளது. ஒரு சொல்லைக் கேட்டவுடன் உள்ளத்தில் எழும் வேறொரு சொல்லைத் தடையின்றி வெளியிடும் பயிற்சியே அது.

1879-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பிரான்சிஸ் கால்டன் என்பார் 75 சொற்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் கண்டவுடன் தம் மனத்தில் எழுந்த எண்ணங்களைக் குறித்தார். அவற்றுட் பல தம் இளமைக் காலத்தைச் சார்ந்தவை எனக் கண்டார். பின்னர், சூரிச் நகரில் கார்ல் யுங் என்னும் மருத்துவர், மறுமொழி வர ஆகும் நேரத்தையும் அளந்தார். மறுமொழி தாமதிக்குமிடத்து, உள்ளத்தை வருத்தும் நினைவு ஏதேனும் மறைந்திருக்கலாம் என்பது அவர் கொண்ட முடிவு.

வகுப்பில் இதனை நடத்துமாறு கூறுவோம். பாடத்தைத் தொடங்குமுன் யாவரும் அறிந்த ஒரு சொல்லைக் கூறுக. அனைவரும் பேசாது, முதலில் தோன்றிய சொல்லைச் சீட்டில் எழுதுக. எழுத அறியாதார் அருகிலிருப்பவர் காதில் சொல்லி எழுதுவிக்கலாம். சீட்டில் பெயர் வேண்டா. பின் சீட்டுகளைக் கலந்து, எல்லாச் சொற்களையும் கரும்பலகையில் எழுதி, அவற்றிலிருந்தே பாடத்தைத் தொடங்குக. முதலில் ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டால், மற்றவர் மனமும் அவ்வழியே ஓடிவிடும்; எனவேதான் எழுதுதல் முதலில், பேசுதல் பின்னர்.

இதில் நாம் இழைத்த பிழையையும் மறைக்கவில்லை. காலத்தின் அருமை பற்றிய பாடத்திற்குச் ‘சங்கு’ என்ற சொல்லைக் கொடுத்தோம். ஆலை, கடல், கோயில், சாவு, குழந்தைக்குப் பால் என்று சீட்டுகள் வந்தன. ஒரு சீட்டில் ‘அமைதி’ என்றிருந்தது. “இது பொருந்தாது” என்று ஒதுக்கினோம். வகுப்பு முடிந்தபின் முதிய தொழிலாளி ஒருவர் நம்மிடம் வந்து, “ஆலையை மூடியபின் சங்கு ஊதுவதில்லையே, ஐயா! விடியற்காலையில் அந்த அமைதிதான் என்னை எழுப்புகிறது” என்றார். நாமும் ஆலையில் உழைத்தவரே. இருந்தும் அச்சொல்லின் பொருளை உணராமற் போனோமே என்று நாணினோம்.

அடுத்த வாரம், அவர் இசைவு பெற்று, அச்சொல்லைப் பலகையில் முதலாவதாக எழுதினோம். வேலையிழப்பு, கடன், பிள்ளைகளின் படிப்பு எனப் பேச்சு வளர்ந்தது. அதுவரை வாய் திறவாத மாதர் பலர் அன்று பேசினர்.

ஆதலின் இரண்டு விதிகளை மறவாதீர். இப்பயிற்சியில் தவறான விடை என்பதில்லை. மேலும், ஒருவர் தாமே முன்வந்தாலன்றி, “ஏன் இதை எழுதினீர்?” என்று துருவிக் கேட்டல் ஆகாது. நாம் மருத்துவரல்லோம்; வகுப்பு நீதிமன்றமும் அன்று. சொல்லைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதைச் சொன்னவர் தாமே பேசும்வரை பொறுத்திருங்கள்.