மூச்சில் பரவிய நோய்

1910ஆம் ஆண்டு டிசம்பர் இறுதி. கடுங்குளிரில் உறைந்து கிடந்த வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகருக்கு 31 வயது மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்தான் டாக்டர் வூ லியென் தே. ஜார்ஜ்டவுனில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பயின்று, உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர்.

ஹார்பினில் மக்கள் காய்ச்சலும் இருமலும் கண்டு, இரத்தம் கலந்த சளி துப்பி, ஓரிரு நாளில் மாண்டனர். இது பிளேக் என்னும் கொள்ளைநோய். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதால்தான் அது பரவும் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினர். ஆனால், அங்குச் சோதித்த எலிகளிடம் கிருமி இல்லை. இறந்த பெண் ஒருவரின் உடலை வூ இரகசியமாக ஆய்வு செய்தார். பிணத்தை அறுப்பதை அன்றைய சமுதாயம் ஏற்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது நுரையீரலில் பிளேக் கிருமி தெரிந்தது. நோய் நுரையீரலைத் தாக்குகிறது, இருமும்போது தெறிக்கும் நீர்த்துளிகளால் பரவுகிறது என்று அவர் முடிவு செய்தார்.

பஞ்சையும் மெல்லிய துணியையும் கொண்டு முகக்கவரி செய்து அணியச் சொன்னார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் இளைஞரின் பேச்சை ஏற்கவில்லை. முகக்கவரியின்றி நோயாளிகளைச் சோதித்தார். சில நாளில் அதே நோயால் இறந்தார். பிறகுதான் மற்றவர்கள் முகக்கவரியைத் தேடினர்!

அந்நோயைக் குணப்படுத்த அன்று மருந்தே இல்லை. ஆகவே, நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார். அவர்களோடு பழகியவர்களை இரயில் பெட்டிகளில் தங்கவைத்துக் கண்காணித்தார். நிலம் உறைந்திருந்ததால் புதைக்க முடியாமல் குவிந்த சடலங்களை, பேரரசரின் அனுமதி பெற்று எரிக்கச் செய்தார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்நோய் 1911 மார்ச்சு மாதம் ஹார்பினில் அடங்கியது.

இன்று பிளேக்கிற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டு. ஆனால், நமக்கு வரும் சாதாரணச் சளியும் ஃபுளு காய்ச்சலும் நச்சுயிரியால் வருபவை. அவற்றிற்கு அம்மருந்து பயன்படாது. ஓய்வும் நீரும் காய்ச்சல் மருந்தும் பெரும்பாலும் போதும். மருத்துவர் மார்பில் கருவியை வைத்துக் கேட்பது, நோய் நுரையீரல்வரை இறங்கிவிட்டதா என்று அறியவே. மூச்சுத்திணறலோ தணியாத காய்ச்சலோ இருந்தால் தாமதிக்கக்கூடாது.

டாக்டர் வூ 1937இல் தாயகம் திரும்பி, ஈப்போவில் ஒரு கிளினிக் நடத்தினார். 1960இல் பினாங்கில் காலமானார்.