கார்டீலியாவின் பக்கம் நிற்கும் பெண்ணுக்கு

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. ‘லியர் மன்னன்’ நாடகத்தைப் படித்த ராத்திரி நீ தூங்கவில்லை என்றும், செத்துப்போன மகள் கார்டீலியாவைக் கிழவர் லியர் கையில் ஏந்திக்கொண்டு வருகிற இடத்தில் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு ஏன் வெட்கப்படுகிறாய்? சாமுவேல் ஜான்சன் எவ்வளவு பெரிய படிப்பாளி! அந்தச் சாவு தன்னை அப்படி உலுக்கிவிட்டதாகவும், பதிப்பாசிரியராக அந்த வேலை தலையில் விழும்வரை கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படித்ததாகவே நினைவில்லை என்றும் 1765-இல் அவரே எழுதிவைத்தார். நாகம் டேட் என்பவர் 1681-இல் முடிவையே மாற்றினார். கார்டீலியாவைப் பிழைக்க வைத்து எட்காருக்குக் கட்டிக்கொடுத்து, லியருக்கு ராஜ்யத்தையும் திருப்பிக் கொடுத்தார். இங்கிலாந்து மேடைகளில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அந்த நாடகம்தான் நடந்தது. அழுகிற ஆள் நீ மட்டும் இல்லை.

என்னைக் கலங்கடித்தது உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். கார்டீலியா வாய் திறக்காமல் நின்றதுதான் சரி, நானும் அப்பாவிடம் எதுவும் பேசப்போவதில்லை, தை மாதம் ஊருக்கு வரப்போவதும் இல்லை என்கிறாய். சொத்தைப் பிரித்து எழுதப்போகிறேன் என்று தீபாவளியன்று உங்கப்பா உங்கள் மூன்று பேரையும் கூடத்தில் உட்காரவைத்து, லியர் மாதிரியே, யாருக்கு என்மேல் பாசம் அதிகம் என்று கேட்டது தப்புத்தான். அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டேன். உன் அண்ணன்கள் சொன்ன பதிலையும் கேட்டேன். அதைப் பற்றி நான் எழுத என்ன இருக்கிறது?

ஆனால் அந்த முதல் காட்சியை இன்னொரு தரம் நிதானமாகப் படி. யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள் என்று லியர் கேட்டதும் நம் கண்ணெல்லாம் அந்தக் கேள்விமேல் போய்விடுகிறது. கார்டீலியாவுக்கும் அப்படித்தான். அன்பை அளந்து சொல்ல மாட்டேன் என்கிறாள், நியாயம். எண்பது தாண்டிய மனுஷர் வரைபடத்தை விரித்து உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பங்குபோடுகிறாரே, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ராஜ்யத்தைக் கைவிடாதீர்கள் என்று நேருக்கு நேர் சொல்கிறவர் கென்ட் பிரபு. 1623-இல் வந்த நாடகத் தொகுப்பின் பாடத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. அதற்காக அவரை நாடு கடத்துகிறார்கள். அப்படியும் வேஷம் மாற்றிக்கொண்டு திரும்பிவந்து அதே கிழவரிடம் வேலைக்குச் சேர்கிறார். நீ அழுத இடத்தில் நானும் அழுதிருக்கிறேன், ஆனால் இந்த நாடகத்தில் என் மனசில் நிற்பவர் கென்ட்தான்.

அப்புறம் என்ன நடந்தது? மாதம் ஒரு மகள் வீடு என்று ஏற்பாடு. கூட நூறு வீரர்கள் இருக்கலாம் என்று பேச்சு. அது ஐம்பதாகி, இருபத்தைந்தாகி, கடைசியில் ஒருவர்தான் எதற்கு என்றாகிவிட்டது. இதைப் படிக்கும்போது உனக்கு யார் ஞாபகமும் வரவில்லையா? மன்னார்குடி வீட்டை எழுதிக்கொடுத்த பிறகு தாத்தா மாதம் ஒரு வீடாக முறைவைத்துச் சாப்பிட்டாரே! முப்பத்தோரு நாள் மாதத்தில் அந்தக் கடைசி நாள் யார் கணக்கு என்று வாசலில் சண்டை நடந்தது. அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெண்களுக்குச் சொத்தில் பங்கு தந்த 1989 சட்டத்துக்கு முன்பே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் பங்கு கிடையாது என்று சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரத்தைப் பதிந்தார்கள். பங்கு போனது எனக்குப் பெரிதில்லை. அவர் கையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் எழுதி வாங்கினார்களே, அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டால்ஸ்டாய்க்கு இந்த நாடகமே பிடிக்காது. 1906-இல் வெளிவந்த கட்டுரையில் லியரைக் கிழித்து எறிந்திருக்கிறார். சொத்தையெல்லாம் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, 1910-இல், எண்பத்திரண்டு வயதில், குளிரில் வீட்டைவிட்டுக் கிளம்பி அஸ்டபோவோ ரயில் நிலையத்தில் செத்துப்போனவர் அவர். லியரின் கதையும் அவர் கதையும் ஒன்றுபோல இருப்பதை ஜார்ஜ் ஆர்வெல் 1947-இல் எடுத்துச் சொன்னார். எத்தனை பெரிய மனசோடு கொடுத்தாலும் கொடுத்த பிறகு நிம்மதி வருவதில்லை.

தை மாதம் வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் நீ வராவிட்டால் அந்த வீட்டில் உங்கப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. நான் சொன்னால் அக்காவுக்குப் பழைய கோபம் என்கிறான். நீ சொன்னால் கேட்பான். செட்டில்மென்ட் வேண்டாம், உயில் எழுது என்று சொல். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்று பிடிவாதம் பிடித்தால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையையும், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல். அந்த நிபந்தனை இருந்து, பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். உனக்குப் பங்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. உன்னைப் போல ஒரு புத்தகத்தை உயிரோடு படிக்கிற பிள்ளை நம் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை. புயல் காட்சியைப் பற்றி நீ எழுதியிருந்ததை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உனக்குப் பிடித்த அதிரசம் சுட்டு வைக்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதிவுக்கு முன்னால் வந்து சேர், அப்பாவிடம் பேசு.

உன் அத்தை