முதல் டியூட்டியில் பக்கத்தில் நிற்பவர்



மருத்துவ ஊழியத்துக்குக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கட்டில், ஆக்ஸிஜன் கருவி, ஆம்புலன்ஸ், ஒரு புதிய வார்டு என்று கண்ணால் காணக்கூடிய காரியங்களுக்கே கொடுக்கிறீர்கள். அவை தேவையானவைதான். இம்மாதப் பாடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குறித்து எழுத விரும்புகிறோம். கொள்ளைநோய் பரவும் காலத்தில் நேற்றுப் பரீட்சை முடித்த ஒரு பெண்ணை இன்று வார்டுக்குள் அனுப்புகிறோம். அவள் பக்கத்தில் நிற்பது யார்? இதுதான் கேள்வி.

2020-ஐ நாம் யாரும் மறக்கவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில், சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களிலும் கொரோனா நோயாளிகள் மிக அதிகமாக இருந்தது ராயபுரம் மண்டலத்தில்தான். ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துத் தெருக்களை அறிந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், தெருக் குழாயில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், "தனித்திருங்கள்" என்ற அறிவிப்புக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? துறைமுகத்தில் சுமை தூக்குகிறவரும், மீன் கூடை சுமக்கிற அம்மாவும், எண்ணூர் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் மறுநாள் அடுப்பு எரியாது.

வார்டுகள் நிரம்பின. கைகள் போதவில்லை. தமிழக அரசு அந்த ஆண்டு மார்ச் முதல் பல கட்டமாக ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தற்காலிகமாக நியமித்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில், 2021 மே 3 அன்று, மத்திய அரசும் ஒரு முடிவை அறிவித்தது. பி.எஸ்.சி. நர்ஸிங் அல்லது டிப்ளமா முடித்தவர்களை, மூத்த டாக்டர்கள், மூத்த நர்ஸ்களின் மேற்பார்வையில், முழுநேரக் கொரோனா பணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. நூறு நாள் பணி செய்தவர்களுக்கு அரசு வேலைகளில் முன்னுரிமை என்றும் சொல்லப்பட்டது. "மேற்பார்வையில்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் இந்தப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உத்தரவில் அதை எழுதிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு வார்டில் அதைச் செய்கிறவர்தான் வேண்டும்.

நர்ஸிங் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, டிப்ளமா மூன்று ஆண்டு. இதில் பாதிக் கல்வி வகுப்பறையிலும் மறு பாதி நோயாளியின் கட்டிலருகிலும் நடக்கிறது. 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது கட்டிலருகே நடக்கும் பாதியும் நின்றுபோனது. கைபேசித் திரையில் ஊசி போடக் கற்றவர்கள் உண்டு. பிள்ளைகள் மேல் குறையில்லை. ஆனாலும் அவர்கள் நிற்க வேண்டிய இடம், முப்பது வருட அனுபவமுள்ள ஸிஸ்டர்களே கலங்கிய வார்டு.

சாதாரணக் காலத்திலேயே இந்த முதல் மாதங்கள் கடினமானவை. அமெரிக்காவில் மார்லின் கிரேமர் என்பவர் 1974-ல் வெளியிட்ட நூலில் இதற்கு 'ரியாலிட்டி ஷாக்' என்றே பெயர் வைத்தார். கல்லூரியில் சொன்னதற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள தூரத்தைக் கண்டு புதியவர் அடையும் அதிர்ச்சி அது. பத்து வருடம் கழித்து, 1984-ல், பட்ரிஷியா பென்னர் ஒரு நர்ஸ் ஐந்து படிகளில் முதிர்கிறார் என்று எழுதினார். புதிதாய்ச் சேர்ந்தவர் விதியைப் பார்க்கிறார். அனுபவசாலி ஆளைப் பார்க்கிறார். அவர் சொன்னதை எளிதாகச் சொன்னால் இவ்வளவுதான்.

கொரோனா வார்டில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சனையாக இருந்தது. ஒரு துறைமுகத் தொழிலாளி கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்றால் "ஒண்ணுமில்ல ஸிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். புதிய நர்ஸ் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாள். மூத்தவர் நின்று கேட்கிறார். அந்த மனிதர் ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்குகிறார்! விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 84. இந்த நோயில் ஆக்ஸிஜன் இறங்குவது நோயாளிக்கே தெரியாமல் போவதுண்டு. ஆகவே மூத்தவர் அந்தப் பெண்ணைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வைக்கிறார். நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டால் கவனம். 30-ஐத் தாண்டினால் உடனே டாக்டர். பாடப் புத்தகத்தில் இந்த எண்கள் இருக்கின்றன. எண்ணும் பழக்கம் பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் வருகிறது.

ஆக்ஸிஜன் கணக்கையும் சொல்ல வேண்டும். இதைக் கேட்டால் நீங்கள் கொடுத்த சிலிண்டர் வார்டுக்குள் என்ன ஆகிறது என்பதும் புரியும். 'பி டைப்' சிறிய சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் வாயு. 'டி டைப்' பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது என்றால் சிறியது இரண்டரை மணி நேரம், பெரியது பதினோரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 15 லிட்டராக ஏற்றினால் சிறியது நூறு நிமிடத்தில் தீரும். நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும் கருவியில் பெரிய சிலிண்டர்கூட இரண்டு மணி நேரம் தாங்காது. மீட்டர் முள் பாதிக்கு இறங்கினால் வாயுவும் பாதிதான்.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் முகத்தில் கண்ணாடி பனித்து, கையுறைக்குள் விரல் வியர்த்து, நாலு பேர் ஒரே நேரத்தில் "ஸிஸ்டர்" என்று கூப்பிடும்போது இதைப் போட வேண்டும். அனுபவமுள்ளவர்கள் டியூட்டி ஏறியதும் முதல் வேலையாக ஒவ்வொரு கட்டிலின் சிலிண்டரும் எத்தனை மணிக்குத் தீரும் என்று ஒரு தாளில் எழுதி, தீர்வதற்கு அரைமணி முன்பாகவே மாற்ற ஆள் சொல்லி வைப்பார்கள். அந்தத் தாளை எழுதும் வேலையைத்தான் முதல் வாரத்தில் புதியவளிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அவள் கைக்கு வேலை. பிழை இருந்தால் மூத்தவர் கண்ணில் படும். இரவில் அந்தத் தாளே இருவருக்கும் துணை.

பாதுகாப்பு உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். களைத்துப்போய், தாகத்தோடு, எப்போது முகத்தைத் துடைப்போம் என்று வெளியே வருகிற நேரம் அது. அங்கே ஒருவர் நின்று, "முதல்ல கிளவ்ஸ்... கை கழுவும்மா... இப்போ கவுன்... முகத்தைத் தொடாதே... மாஸ்க் கடைசி" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிய படம் இந்த வேலையைச் செய்யாது.

இப்படித் துணை நிற்பதை எல்லோரும் நல்லதென்றுதான் சொல்லுகிறார்கள். நடைமுறையில் அது கெடுவதற்கு ஒரு காரணம் எண்ணிக்கை. பத்து நோயாளிகளைப் பார்க்கும் ஸிஸ்டரிடம் அதே பத்துப் பேரோடு ஒரு புதியவளையும் ஒப்படைத்தால், கற்றுக்கொடுப்பது நடக்காது. இரண்டாமவள் ஓடுகிற கைகளாக மட்டும் இருப்பாள். மூத்தவருக்குச் சில கட்டில்களைக் குறைத்தே ஆக வேண்டும். நெருக்கடியில் அதற்கு வழியேது என்று மேட்ரன்கள் கேட்பது நியாயமே. ஆனால் முதல் சில வாரம் குறைக்காத இடத்தில், மூன்றாம் மாதம் அந்தப் பெண் ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்பாள்.

மற்றொரு காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நம் ஊர் வார்டுகளில் சில மூத்தவர்கள், புது மருமகளை மாமியார் நடத்துவதுபோல் புதியவர்களை நடத்துவதுண்டு. நோயாளிக்கு முன்னாலேயே "இதுகூடத் தெரியாதா, என்ன படிச்சே?" என்பார்கள். நாங்களும் இப்படித்தான் திட்டு வாங்கி வளர்ந்தோம் என்று அதற்கு நியாயமும் சொல்லுவார்கள். விளைவு என்ன? அடுத்த முறை சந்தேகம் வந்தால் அந்தப் பெண் கேட்கமாட்டாள். மருந்தின் அளவு தெரியாமல் ஊகித்துப் போடுவாள். "அக்கா, இது எனக்குத் தெரியலை, ஒருமுறை வந்து பாருங்க" என்று கூச்சமில்லாமல் சொல்லுகிற நர்ஸிடம்தான் நோயாளி பாதுகாப்பாய் இருக்கிறார். அந்த வாக்கியத்தைச் சொல்ல இடங்கொடுப்பதே துணை நிற்பவரின் முதல் வேலை.

முதல் மரணத்துக்கும் துணை வேண்டும். கொரோனா வார்டில் உறவினர் உள்ளே வர முடியாது. மகள் திருவொற்றியூரில் வீட்டில் அடைபட்டிருப்பாள். தகப்பன் இங்கே மூச்சுக்குப் போராடுவார். இருபத்திரண்டு வயதுப் பெண் தன் கையில் போனைப் பிடித்து, முகத்தைக் காட்டி, அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு உடலைச் சுத்தம் செய்து, சுற்றிக் கட்டி, பெயர்ச் சீட்டை ஒட்ட வேண்டும். இதை அவளைத் தனியே செய்யச் சொல்லக்கூடாது. மூத்தவரும் கூட நின்று செய்து, டியூட்டி முடிந்து வெளியே வந்ததும் டீயோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால், அவள் மறுநாள் வேலைக்கு வருவாள். அந்தப் பத்து நிமிடத்தில் ஆலோசனை சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

இந்தக் கரையில் இது புதிய காரியமல்ல. 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் ராயபுரத்தில் சிறிய அளவில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பணி, 1914-ல் ரெய்னி மருத்துவமனையாக எழும்பியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. நெருக்கடிகளும் ஓயவில்லை. 1992-ல் ஓ-139 என்ற புதுவகைக் காலரா கிருமி முதலில் தென்பட்டது நம் சென்னையில்தான். காலரா வார்டில் வாளியையும் டிரிப்பையும் அளந்து அளந்து எழுதிப் பழகிய கைகள், கொரோனாவில் ஆக்ஸிஜனை அளக்கத் தடுமாறவில்லை.

2023 டிசம்பரில் மிச்சாங் புயலும், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவும் வந்தன. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் கடற்கரையருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா பட்ட கண்ணைக் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீரால் கழுவ வேண்டும். குரல் கரகரத்தால் தொண்டை வீங்குகிறது என்று அர்த்தம், அவரைக் கண்ணைவிட்டு அகலவிடக் கூடாது. ஆலைகளுக்கு நடுவில் வேலை செய்யும் எந்தப் புதிய நர்ஸுக்கும் இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதில் எங்களுக்கு மிகுந்த பாரமாக இருப்பது ஒன்று உண்டு. 2020-ல் எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் அவர்கள் சேலத்திலும் சென்னையிலும் போராடினார்கள். வேறு திட்டங்களின் கீழ் தற்காலிக வேலை தருவதாக அரசு கூறியது. நியமன விதிகளைக் குறித்து இரு பக்கமும் சொல்ல வேண்டியவை உண்டு. ஆனால் இரண்டரை வருடம் கொள்ளைநோய் வார்டில் பழகிய ஒரு நர்ஸ், அடுத்த புதியவளுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதியடைந்த அதே நேரத்தில் வெளியே அனுப்பப்படுகிறார். மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்த மூத்தவரின் உழைப்பும் அவரோடு போய்விடுகிறது.

பங்காளர்களே, நீங்கள் தாங்குகிற எந்த மருத்துவமனைக்குப் போனாலும், மேட்ரனைச் சந்தித்து இரண்டு காரியம் விசாரியுங்கள். இவ்வருடம் சேர்ந்த நர்ஸ்களின் முதல் இரவு டியூட்டியில் கூட யார் இருந்தார்கள்? அந்த வாரம் அந்த மூத்தவருக்கு எத்தனை கட்டில்? டியூட்டி சார்ட்டிலேயே பதில் இருக்கும். உங்கள் முன்பாகவே எடுத்துக் காட்டுவார்கள்.