கலர் தாள் வைத்தால் படிப்பு வருமா? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. கணக்கில் கெட்டிக்காரன். கம்ப்யூட்டர் கேம் என்றால் சாப்பாடு கூட வேண்டாம். ஆனால் ஆங்கிலப் பாடத்தில் நான்கு வரி படிப்பதற்குள் வியர்த்து விடுவான். பரிசோதித்ததில் டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் அக்கா போன் செய்தார்.

"தம்பி, கலர் பிளாஸ்டிக் தாளை புத்தகத்து மேல வச்சுப் படிச்சா எழுத்து ஆடாம நிக்குமாம். டெஸ்டுக்கும் தாளுக்கும் சேர்த்துப் பணம் கேக்கறாங்க. கட்டட்டுமா?"

"ரெண்டு நாள் பொறு அக்கா" என்றேன். அந்த இரண்டு நாளில் நான் படித்தறிந்ததையும், பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் நாங்கள் செய்து பார்த்ததையும் இங்கே தருகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் பெற்றோருக்கு உதவலாம்.

கலர் ஓவர்லே என்பது என்ன?

வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் பார்க்கும்போது சிலருக்கு எழுத்துகள் ஆடுகின்றன, மங்குகின்றன. அவரவருக்குப் பொருந்தும் நிறத்தில் ஒளி ஊடுருவும் தாளை வைத்தால் இது சரியாகும் என்பதே இதன் அடிப்படை. 1980-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆலிவ் மியர்ஸும் அமெரிக்காவின் ஹெலன் இர்லனும் இதை முன்வைத்தார்கள். பிறகு கலர் தாள், கலர் கண்ணாடி எனப் பல நாடுகளுக்குப் பரவியது.

சோதனைகள் சொல்வது என்ன?

எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. படிக்கச் சிரமப்படும் 7 முதல் 12 வயது வரையுள்ள 61 குழந்தைகளை இர்லன் முறையில் பயிற்சி பெற்றவர் பரிசோதித்தார். 77 சதவீதம் பேருக்குக் கலர் தாள் தேவை என்றார். பிறகு அவர் தேர்ந்தெடுத்த நிறம், வேறொரு நிறம், நிறமில்லாத தாள் என மூன்றையும் வைத்துப் படிக்கச் சொன்னார்கள். படிக்கும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தெரியவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர்கள் அமைப்பும் 2009-ல் வெளியிட்ட கூட்டறிக்கை, கலர் கண்ணாடி, தாள் போன்றவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றது. 2016-ல் வெளியான விரிவான தொகுப்பாய்வும் இவற்றைப் பரிந்துரைக்க முடியாது என்றே முடித்தது.

அப்படியானால் "என் பையனுக்குப் பலன் தெரிந்ததே" என்று சிலர் சொல்வது பொய்யா? இல்லை. புதுப் பொருள் கிடைத்த உற்சாகம் ஒரு காரணம். அதே பாடத்தை இரண்டாவது முறை படிப்பதால் வரும் வேகம் இன்னொரு காரணம். அம்மா ஆவலோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒரு காரணம். சாப்ட்வேரில் பிழை தேடும்போது நாங்கள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வோம். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. இங்கும் அதே கதைதான்.

வீட்டில் சோதிப்பது எப்படி?

1. குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த 15 சின்ன ஆங்கில வார்த்தைகளை எக்ஸெலில் ஏ காலத்தில் டைப் செய்யுங்கள். பி காலத்தில் சமக்குறி போட்டு, ரேண்ட் என்ற பார்முலாவை காலி அடைப்புக்குறியுடன் கொடுத்து, 15 வரிசைக்கும் இழுத்து விடுங்கள்.

2. இரண்டு காலத்தையும் செலக்ட் செய்து, டேட்டா மெனுவில் சார்ட் சென்று பி காலத்தின்படி வரிசைப்படுத்துங்கள். வார்த்தைகள் கலைந்து விடும். அவற்றை வேர்டில் ஒரே வரியாக அமையுங்கள். இப்படி பத்து வரி சேர்ந்தால் ஒரு பக்கம். கதை இல்லாததால் ஊகித்துப் படிக்க முடியாது. ஆர்னால்டு வில்கின்ஸ் குழுவினர் 1996-ல் வெளியிட்ட வாசிப்பு வேகச் சோதனையும் இதே அமைப்புதான்.

3. வெவ்வேறாகக் கலைத்த நான்கு பக்கங்களைத் தனித்தனி வேர்டு பைல்களாகத் தயார் செய்யுங்கள். டிசைன் மெனுவில் பேஜ் கலர் கிளிக் செய்தால் பைல் முழுவதும் நிறம் மாறும்; எனவே இரண்டு பைல்களுக்கு மட்டும் குழந்தை விரும்பும் வெளிர் நிறம் கொடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

4. வெள்ளை, கலர், கலர், வெள்ளை என்ற வரிசையில் ஒவ்வொரு நிமிடம் படிக்கச் சொல்லி, சரியாகப் படித்த வார்த்தைகளை எண்ணுங்கள். பழக்கத்தால் வரும் வேகம் இந்த வரிசையில் ஓரளவு சமமாகி விடும். எந்த நிறம் நல்லது என்று வாயே திறக்காதீர்கள்.

5. மறுநாள் குழந்தை தேர்ந்தெடுக்காத நிறத்தில் இதையே செய்யுங்கள். சில நாட்கள் தொடருங்கள்.

முதலில் இரண்டு வெள்ளைப் பக்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கலரால் வரும் வித்தியாசம் அதைத் தாண்டாவிட்டால் கணக்கில் எடுக்க வேண்டாம். எங்கள் பையனுக்குத் தாண்டவில்லை. ஒரு குழந்தையின் சோதனை ஆராய்ச்சி ஆகாது. ஆனால் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு என்ன செய்வது?

பெரும்பாலான குழந்தைகளுக்கு டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள கோளாறு அல்ல. வார்த்தையை ஒலிகளாகப் பிரிப்பதிலும், ஒலியையும் எழுத்தையும் இணைப்பதிலும்தான் சிக்கல். இதை முறையாக, படிப்படியாகக் கற்றுத் தருவதே பலன் தருகிறது. பணத்தை விடப் பெரிய நஷ்டம் காலம்தான். கலர் தாளை நம்பி ஒரு வருடம் போனால், அந்த வருடத்தில் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி போய்விடும். எழுத்து ஆடுகிறது, தலை வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. எனவே சலுகைகள் பற்றிப் பள்ளியில் தயங்காமல் கேளுங்கள்.

அக்கா அந்தப் பணத்தை சிறப்பு ஆசிரியைக்குக் கட்டினார். வாரம் மூன்று நாள் வகுப்பு. வீட்டில் பையன் இன்னும் இளநீலப் பக்கத்தில்தான் படிக்கிறான். கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம். இருக்கட்டும், அது அவனுக்குப் பிடித்த நிறம். மருந்து என்று மட்டும் நாங்கள் நினைப்பதில்லை.