புது பாடியா, புது லென்ஸா?

ஒரகடம் கம்பெனிகளில் பயிற்சிக்குப் போகும் நம் வாலாஜாபாத் பசங்க, ஸ்டைபண்டு சேர்த்து கேமரா பாடியை மாற்றத்தான் பார்க்கிறாங்க. நான் லென்ஸையே முதலில் வாங்கச் சொல்வேன்.

கணக்கு போடுவோம். கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸில், 55-ல் வைத்தால் பெரிய துளையே எஃப் 5.6. தனி 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: சுமார் 9.7 மடங்கு வெளிச்சம்! காஞ்சிபுரம் கோயில் மண்டப இருட்டில் 1/10 விநாடி (கை ஆடாம இருக்குமா?) கேட்கும் படம், 1/100-க்குப் பக்கத்தில் முடிந்துவிடும். தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும்; அது தனிப் பாடம்.

பைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஐப்பசி மழையில் நனைந்த பஞ்சுப் பைக்குள் லென்ஸைப் பூட்டினால் கண்ணாடியில் பூஞ்சைதான். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. பழைய லென்ஸ் வாங்கும்போதும் டார்ச் அடித்துப் பாருங்க. உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் விட்டுடுங்க.